இருநூற்றுப் பதினேழாம் மணி நேரம்

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் இறங்கி
மழைத்தண்ணீர் வடியாத இரண்டாவது தெருவில்
செருப்பைக் கையில் பிடித்தபடி நடக்கிறேன்.
பையில் டைமர், அட்டைகள், ஜெம்ஸ் மிட்டாய்,
கட்டைவிரலால் அமுக்கினால் எண் கூடும் சின்னக் கருவி.
பாரிமுனையில் எழுபது ரூபாய்.
ஜபம் எண்ணுவதற்கென்று விற்றார்கள்.
ஒரு பையன் தன் நெற்றியில் தானே அடித்துக்கொள்வதை
எண்ண வாங்கினேன்.

முதுகலை, இரண்டாம் ஆண்டு,
பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு.
சேர்ந்த அன்று அப்பா கேட்டார்:
"டி.சி.யோட நன்னடத்தைச் சான்றிதழ் தருவாங்களே,
அத எழுதுற வேலையா?"

முதல் பருவத்தில் பாதி மொழியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
'அடம்' என்று எழுதக் கூடாது.
'கோபம்' கூடாது.
'வேணும்னே செய்றான்' கூடவே கூடாது.
முதுகு தரையில் பட, இரு குதிகாலாலும்
மூன்று நொடிக்கு மேல் உதைத்தல்
என்றுதான் எழுத வேண்டும்.
அந்த வாரம் ஹாஸ்டலில் அறைத்தோழி ஷெரின் அழுதாள்.
கண்ணிலிருந்து நீர், தொண்டையிலிருந்து ஒலி,
நாற்பது நிமிடம்
என்று மனசுக்குள் எழுதிவிட்டேன்.
பிறகு வெட்கப்பட்டு
டீ வாங்கப் போனேன்.

ஃபைசானுக்கு ஏழு வயது.
எட்டுப் பொருள்களை வரிசையாக வைத்து
எது பிடிக்கும் என்று பார்த்தோம்.
எட்டையும் விட்டுவிட்டு
என் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டான்.
திறந்தான், மூடினான்.
முன்னுரிமை ஒன்று: ஜிப்.

இருவர் எண்ணியது ஒத்துப்போக வேண்டும்,
எண்பது சதவீதத்துக்குக் குறையாமல்.
செவ்வாய்க்கிழமை, 'அம்மா' என்ற சொல்:
என் தாளில் பூஜ்யம்.
அவன் அம்மா ரிஸ்வானாவின் தாளில் பதினொன்று.
"குக்கர் விசில் அடங்குறப்ப கேளுங்க" என்றாள்,
யூனிஃபார்ம் சட்டைக்குக் காஜா எடுத்தபடி.
அடங்கியது. கேட்டேன்.
என் வரையறைக்குள் வராத ஒரு ம்.
பொருத்தம் பூஜ்யம் என்று எழுதினேன்.
எழுதியது தப்பில்லை.

பள்ளியிலிருந்து குறிக்கோள் வந்தது:
அமைதியாக உட்கார வேண்டும்.
எங்கள் பாடத்தில் ஒரு கேள்வி உண்டு.
பிணத்தால் இது முடியுமா?
முடியும் என்றால் அது நடத்தையே இல்லை.
அமைதியாக உட்கார்தல், முடியும்.
கை உதறாமல் இருத்தல், முடியும்.
குதிக்காமல், கூவாமல், மேஜையை நக்காமல்
ஓட்டேரிச் சுடுகாட்டில் அத்தனை பேரும்
வகுப்பில் முதல் மாணவர்கள்.

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
'வேண்டாம்' அட்டையை எடுத்து நீட்டுதல்.
மேற்பார்வையாளர் லேப்டாப் திரையில்
வாய் திறந்தபடி உறைந்து நின்றார்.
சிக்னல் திரும்பியபோது
"ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார்,
கொஞ்சம் கழித்து, "செஞ்சு பாரு."

நீட்டினான்.
மேஜை வேண்டாம். மிட்டாய் வேண்டாம்.
டைமர், நான், என் 'சூப்பர்',
எதுவும் வேண்டாம்.
ஒரே நாளில் நாற்பத்து மூன்று.
நெற்றி அடி முப்பத்து நாலிலிருந்து ஒன்பது.
மறுநாள் இருபது.
வரைபடம் படிக்கட்டு மாதிரி இறங்குவது
பாடப்புத்தகத்தில் மட்டும்.

இன்று இருநூற்றுப் பதினேழாம் மணி நேரம்.
இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பாக்கி.
ஜிப்பைத் திறந்தான். வழக்கமாக மூடுவான்.
மூடாமல் கையை விட்டு
அந்தக் கருவியை எடுத்தான்.
சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.
க்ளிக்.

நான் முடியை ஒதுக்கினேன். அதற்கில்லை.
தண்ணீர் லாரி ஹாரன். அதற்கும் இல்லை.
ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது,
அதுவாக இருக்குமோ என்று கூடவே எண்ணிப் பார்த்தேன்,
இல்லை.
க்ளிக், க்ளிக்.
"என்னத்த எண்றான்?" என்றாள் ரிஸ்வானா,
பல்லில் நூலைக் கடித்து.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

ஏழு மணி ரயிலில் கையில் வைத்துப் பார்க்கிறேன்.
பூஜ்யத்துக்குத் திருப்பும் திருகைத் தொடவில்லை.
ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தெட்டு முறை ஏதோ நடந்திருக்கிறது
அந்த அறையில்.
நானும் அங்கேதான் இருந்தேன்.